ஆற்றிக் கொடுத்த வார்த்தைகள்

அன்று போர்ட் பிளேருக்குப் பக்கத்தில் பெரார்கஞ்ச் பாக்குத் தோட்டத்தில் இருந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். போலந்திலிருந்து வந்த ஆறு பேர்: டிராம் ஓட்டி ஓய்வு பெற்ற ஹென்ரிக், வயது எழுபத்தொன்று, அவருடைய மகள் ஆன்யா, பள்ளிக்கூட ஆசிரியர்களான ஒரு கணவன் மனைவி, கூடப் பிறந்த அக்கா தங்கை இருவர். வண்டி ஓட்டி வந்த ஜெகன். தோட்டத்துச் சொந்தக்காரர் மண்டல் தாதா (வங்காளிகள் பேச்சில் தாதா என்றால் அண்ணன்). ஒன்பதாவது ஆள் நான், மொழிபெயர்ப்பாளர். வண்டி ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை, நடுவில் காரணமே இல்லாமல் நாலைந்து முறை ஆட்களை எண்ணுவது என் பழக்கம். அதனால் இந்த எண்ணிக்கையில் தப்பு இருக்காது.

போன டிசம்பரோடு வேலையை நிறுத்திக்கொண்டேன். படகில் ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இந்த வருஷம் போலிஷ், ரஷ்யன், பிரெஞ்சு என்று படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று எங்கள் சுற்றுலா அலுவலக முதலாளி ரஹ்மத் பாய் கேட்டார். நீங்கள் பட்டம் வாங்கியவர்கள். நான் போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மொழியை உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை. தோட்டத்தில் நடந்ததையும் அதற்குப் பின்னால் ஆஸ்பத்திரியில் நடந்ததையும் மட்டும் சொல்கிறேன். அதற்கு முன்னால் எனக்குப் போலிஷ் எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த தப்பின் அளவு உங்களுக்குத் தெரியாது.

அது அடுப்படியில் வந்த மொழி. ஜங்லிகாட்டில் ஒரு விடுதியில் நான் சமையல் வேலை பார்த்தபோது போலந்திலிருந்து ஒரு அம்மாள் வருஷா வருஷம் ஜனவரியில் வந்து ஒரு மாதம் தங்குவார். பெயரை எங்கும் எழுதாதே என்று சொல்லியிருக்கிறார், எழுதவில்லை. அவருக்கும் நம் வேலைதான், ஆனால் காகிதத்தில். இஸ்திரிப் பெட்டி, ஓவன், ஹீட்டர் இவற்றோடு பெட்டிக்குள் மடித்து வைத்து வருமே இங்கிலீஷ் தாள், அதைப் போலிஷில் எழுதிக் கொடுப்பது. “முப்பது வருஷமாகச் சூட்டைத் தவிர வேறு எதையும் நான் மொழிபெயர்த்ததில்லை” என்று சிரிப்பார். சமையலறைக்கே வந்து முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். பருப்பு ஆறிப் போயிருந்தால் ‘லெத்னி’. கையில் பிடிக்க இதமாக இருந்தால் ‘செப்வோ’. சுட்டால் ‘கொரோன்த்ஸோ’. வெளியே வெயில் கொளுத்தினால் ‘ஊபாவ்’. மழைக்கு முன்னால் மூச்சு முட்டுகிற புழுக்கத்துக்குப் ‘பார்னோ’. இங்கிலீஷில் ஹாட், வார்ம், ஹ்யூமிட் என்று மூன்றை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்பேற்றுகிறார்களே என்று நாங்கள் இரண்டு பேரும் கேலி செய்வோம். நான் சூடு, வெக்கை, அனல், புழுக்கம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் ஜோடி தேடிக் கொடுப்பார். “இங்கிலீஷ் வார்த்தையைப் பார்க்காதே, செல்வி. அந்தச் சூடு உன் உடம்பில் எங்கே படுகிறது என்று பார். அங்கிருந்து என் மொழிக்கு வா” என்பார்.

ஒரு நாள், தான் ஒரு வேலையை இழந்த கதையைச் சொன்னார். ஹீட்டர் விற்கிற ஒருவர் இவரைக் கூப்பிட்டு, தாளில் ‘மேல்பாகம் கடுமையாகச் சுடும்’ என்று இருப்பதை ‘மேல்பாகம் வெதுவெதுப்பாகும்’ என்று எழுதக் கேட்டிருக்கிறார். வாங்க வருகிறவர்கள் பயப்படுகிறார்களாம். இவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த ஆளிடமிருந்து வேலை வரவில்லை.

“கொஞ்சம் குறைத்து எழுதினால் என்னம்மா, ஒரு வார்த்தைதானே?” என்று கேட்டேன்.

“குழந்தையின் கை தாளைப் படிக்காது. அதன் அம்மா படிப்பாள். அவளிடம் நான் எப்படிப் பொய் சொல்வது?”

நான் பாத்திரம் துலக்கிக்கொண்டே தலையாட்டினேன். இஸ்திரிப் பெட்டிக்கும் ஹீட்டருக்கும் சொன்னது, நமக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ரஹ்மத் பாய் அலுவலகத்தில் போலிஷ்காரர்கள் வந்தால் கூடப் போகிற வேலை கிடைத்தது. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அவருடைய வாப்பா காலத்தில் இங்கே வந்த குடும்பம். நல்ல மனிதர், குரலை உயர்த்திப் பார்த்ததில்லை. பயணிகளுக்குக் கொடுக்க அவரிடம் ஓர் இங்கிலீஷ் தாள் இருந்தது. அதைப் போலிஷில் எழுதச் சொன்னார். அதில் வெப்பத்தைப் பற்றி மூன்று வரி. ஆபத்தான வெப்பம் உள்ள நாட்களில் பத்து மணிக்கு மேல் நடக்க வேண்டாம். வெயில் தெரியாவிட்டாலும் இந்த ஊர்ப் புழுக்கம் ஆளைச் சாய்த்துவிடும். வேர்வை நின்றுபோனால் உயிருக்கு ஆபத்து, உடனே கூட வருகிறவரிடம் சொல்லுங்கள்.

“ஏம்மா செல்வி, கொஞ்சம் பாத்து எழுதும்மா” என்றார் பாய். “வந்து எறங்குனதும் உயிருக்கு ஆபத்துன்னு கையில குடுத்தா அந்தப் புள்ளைங்க என்ன நெனைக்கும்? மிரண்டுறாதா?”

அவர் சொல்லாவிட்டாலும் நான் அப்படித்தான் எழுதியிருப்பேன். விளக்கை அணை என்று சொல்லக் கூடாது, குளிர வை என்று சொல்ல வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள். கடைக்குப் போகிறவர்கூட ‘போறேன்’ என்று சொன்னால், ‘போயிட்டு வரேன்’ என்று திருத்திச் சொல்லும் வரை விடமாட்டேன். அப்படிப்பட்டவள், ஊர் பார்க்க வந்த மனிதர்களிடம் முதல் தாளிலேயே சாவைப் பற்றி எழுதுவேனா? நான் எழுதியது இது: வெதுவெதுப்பான நாட்களில் பத்து மணிக்கு மேல் மெதுவாக நடக்கவும். காற்றில் ஈரம் இருக்கும். உடம்புக்கு ஏதாவது தோன்றினால் கூட வருகிறவரிடம் சொல்லவும்.

குடிக்கிற டீயை ஆற்றிக் கொடுப்பது போல ஆற்றினேன். அப்போது அது எனக்கு மரியாதையாகத் தெரிந்தது.

அந்தத் தோட்டத்துக்குப் போனது ஓர் ஏப்ரல் கடைசியில். அவர்கள் ஊரில் மே மாதத் தொடக்கத்தில் தொடர்ந்து விடுமுறை வரும், அதையொட்டிக் கிளம்பி வந்திருந்தார்கள். வயல் வரப்பு வழியாக நடந்து, பாக்குத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மண்டல் தாதா வீட்டில் மீன் குழம்பும் சோறும் சாப்பிடுவது அன்றைய ஏற்பாடு. ஒன்றரை மணி நேர நடை. வானம் முழுக்க மேகம். ஓர் இலை அசையவில்லை. வண்டியிலிருந்து கால் கீழே வைத்ததுமே எனக்கு நெஞ்சு அடைத்தது.

“ஜெகன், இன்னைக்கு நடக்க வேணாம்னு சொல்லிடலாமா?”

“அக்கா, போன வாரம் படகு கவுந்துடும்னீங்க. அதுக்கு முந்தி மரம் விழும்னீங்க. வெயிலே இல்ல, பாருங்க. டென்ஷன் மத் லோ, பயப்படாதீங்க!” அவன் சிரித்தான். வடக்கே ரங்கத் என்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவன். பேச்சில் பாதி தமிழ், பாதி இந்தி. பயணிகள் என்னைப் ‘பானி செல்வி’ என்று கூப்பிடுவார்கள். அவர்கள் மொழியில் அது அம்மாளைக் கூப்பிடும் மரியாதை. அவர்கள் ‘பானி’ என்று வாயைத் திறந்ததுமே இவன் இந்தியில் எடுத்துக்கொண்டு தண்ணீர் பாட்டிலை நீட்டி என்னைக் கிண்டல் செய்வான்.

எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவளுக்கு இதுதான் கஷ்டம். உண்மையான பயம் வரும்போது அது எது என்று பிரித்துப் பார்க்க அவளுக்கே தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஹென்ரிக் முழுக்கை ஜாக்கெட் போட்டுக்கொண்டு இறங்கினார். இந்தப் புழுக்கத்தில் எதற்கு என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து என் தாளை எடுத்துக் காட்டினார். “ஈரம் என்று போட்டிருக்கிறதே, பானி செல்வி.” அவர்கள் ஊரில் ஈரம் என்றால் இலையுதிர்காலம், சளி, இருமல். நாற்பது வருஷம் அட்டவணைப்படி டிராம் ஓட்டியவர். எழுதிக் கொடுத்ததை நம்புவார். கழற்றிவிடுங்கள் என்று சொன்னேன். ‘பரவாயில்லை’ என்று ஜிப்பை மட்டும் இறக்கிவிட்டுக்கொண்டார். நானும் விட்டுவிட்டேன்.

பாக்குத் தோட்டத்துக்குள் காற்று சுத்தமாக இல்லை. அவர் கடைசியாக நடந்து வந்தார். இரண்டு முறை திரும்பி, “எப்படி இருக்கிறது?” என்று கேட்டேன். இரண்டு முறையும் “செப்வோ” என்றார். வெதுவெதுப்பு. என் தாளில் இருந்த அதே வார்த்தை.

மண்டல் தாதா வீட்டு வாசலில் ஒரு பலகை கிடந்தது. அதில் உட்கார்ந்தார். நான் ஆட்களை எண்ணிக்கொண்டே அவருக்குப் பின்னால் வந்தேன். தோட்டத்துக்குள் நுழையும்போது தொப்பலாக நனைந்திருந்த கழுத்து இப்போது காய்ந்து, காலரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல்லில் கை வைத்தது போல இருந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, “கதவை மூடுங்கள், வண்டி கிளம்பப் போகிறது” என்றார்.

ஆன்யா சிரித்துவிட்டாள். அப்பா விளையாடுகிறார் என்று நினைத்தாள். அவர் ஜாக்கெட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “ஜிம்னோ” என்றார். குளிர்கிறது என்று அர்த்தம்.

மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வேர்வை நின்றுபோனால் என்ற வரியை அங்கே இருந்தவர்களில் படித்தவள் நான் ஒருத்திதான். அந்த வரியை வெட்டி எடுத்தவளும் நான்தான்.

எங்களுக்கெல்லாம் முதலுதவி வகுப்பு எடுத்த ஒரு டாக்டரம்மா போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் இருந்தார். கேரளத்திலிருந்து வந்த சின்ன வயதுப் பெண். போன் போட்டேன். நல்லவேளை, கிடைத்தது. அவர் இங்கிலீஷில் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். வேர்க்கிறதா? பேச்சு சரியாக இருக்கிறதா? தோல் எப்படி இருக்கிறது? சொன்னேன்.

“ஹீட் ஸ்ட்ரோக். செத்துப்போகலாம். இங்கே கொண்டுவரும் வரை காத்திருக்காதீர்கள். முதலில் சட்டையைக் கழற்றித் தண்ணீரை ஊற்றி, விசிறுங்கள். உடம்பு தணிந்த பிறகு வண்டியில் ஏற்றுங்கள். இப்போதே.”

நான் ஆன்யா பக்கம் திரும்பினேன். அவள் அப்பாவை இறுக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஜாக்கெட்டின் ஜிப்பை மேலே இழுத்துக்கொண்டிருந்தாள்.

இங்கே கவனியுங்கள். இத்தனைக்குப் பிறகும் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? “அப்பாவுக்குக் கொஞ்சம் சூடு அதிகமாகிவிட்டது. ஜாக்கெட்டைக் கழற்றினால் நல்லது. லேசாகத் தண்ணீர் தெளிக்கலாமா?”

“குளிர்கிறது என்கிறார், காதில் விழவில்லையா? அவர் நடுங்குகிறார், நீங்கள் தண்ணீர் ஊற்றச் சொல்கிறீர்களே!” என்று என் கையைத் தட்டிவிட்டாள். அவள் பேசியதில் தப்பே இல்லை. கொஞ்சம், நல்லது, லேசாக என்று நான் சொன்னதைக் கேட்டு எந்த மகள் நடுங்குகிற அப்பா மேல் தண்ணீர் ஊற்றுவாள்?

“அக்கா, க்யா போல்தா ஹை? டாக்டர் என்ன சொல்றாங்க? ஜல்தி!” என்று ஜெகன் கத்தினான்.

நான் ஆன்யாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன். என் வாழ்நாளில் எந்த மொழியிலும் யாரிடமும் சொல்லாத வார்த்தையைச் சொன்னேன். “வெப்ப வாதம் தாக்கியிருக்கிறது. செத்துப்போகலாம் என்று டாக்டர் சொல்கிறார். இப்போதே ஜாக்கெட்டைக் கழற்று.”

அவள் முகம் வெளுத்தது. ஆனால் கை உடனே ஜிப்புக்குப் போனது.

அதற்குப் பிறகு எல்லாரும் ஓடினார்கள். மண்டல் தாதா மோட்டாரைப் போட்டு, தோட்டத்துக்குப் பாய்ச்சுகிற குழாயை இழுத்து வந்தார். ஆசிரியர் தம்பதியும் அக்கா தங்கையும் ஆளுக்கொரு பாக்கு மட்டையை எடுத்து விசிறினார்கள். ஆன்யாவின் மடியில் இருந்த போன் தண்ணீரில் ஊறிச் செத்துப்போனது, யாரும் கவனிக்கவில்லை. ஹென்ரிக் கண்ணைத் திறந்து மகளின் பெயரைச் சரியாகச் சொன்ன பிறகு அவரை வண்டியில் ஏற்றினோம். ஆன்யா, நான், ஜெகன் மூவரும் போனோம். மற்ற நால்வரையும் மண்டல் தாதா வீட்டில் விட்டுவிட்டு, ரஹ்மத் பாய்க்கு வேறு வண்டி அனுப்பச் சொன்னேன். வழியில் ஜெகன் ஒரு மீன் வண்டியை மறித்து, பெட்டியிலிருந்து ஐஸை இரண்டு கையாலும் அள்ளி என் துப்பட்டாவில் கொட்டினான். அதை அவர் அக்குளில் வைத்துக்கொண்டே போனோம். ஆஸ்பத்திரி வாசலில் தமிழ் நர்ஸ் ஒருத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு, “என்னக்கா, ஆளைக் கொண்டு வந்தீங்களா, சூரை மீனைக் கொண்டு வந்தீங்களா?” என்றாள். அந்த நேரத்திலும் ஜெகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இதுவரை நடந்தது உயிர் பிழைக்க வைக்கிற ஓட்டம். அதில் யோசிக்க நேரமில்லை. நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது இனிமேல்தான் வருகிறது.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். ஹென்ரிக்கைப் படுக்க வைத்து, கையில் டிரிப்ஸ் ஏற்றி, டாக்டரம்மா தாளும் பேனாவுமாக எங்கள் பக்கம் வந்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஆன்யா. பள்ளியில் ஜெர்மன் படித்தவள், இங்கிலீஷில் ஹலோவும் தேங்க்யூவும் மட்டும் தெரியும். போனும் போய்விட்டது. டாக்டருக்குப் போலிஷில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. நடுவில் நான்.

வயது கேட்டார், சொன்னோம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டார், சொன்னோம். பிறகு, “இன்று நடக்க வேண்டாம் என்று இவர்களை யாராவது எச்சரித்தார்களா? கேளுங்கள்” என்றார்.

நான் ஆன்யாவைப் பார்த்தேன். என்ன கேட்கிறார் என்று அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த இடத்தில் நான் அவளிடம், ‘அப்பா காலையில் தண்ணீர் குடித்தாரா?’ என்று கேட்டிருக்கலாம். அவள் ஆமாம் என்று தலையாட்டியிருப்பாள். நான் டாக்டரிடம் ‘எஸ்’ என்று சொல்லியிருக்கலாம். எழுதிக்கொண்டு போயிருப்பார். உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நான் இதை யோசித்தேனா என்று கேட்டால், யோசித்தேன். வேலை போய்விடும், போலீஸ் வரும், பாய் கடையை மூட வேண்டியிருக்கும் என்றெல்லாம் என் மனசு வழக்கம் போல வரிசையாக ஓடியது. நீங்களும் ஒரு நாள் இப்படி இரண்டு பேருக்கு நடுவில் நிற்பீர்கள். உங்களைத் தவிர வேறு சாட்சி இருக்காது. போனில் மொழிபெயர்ப்பு இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும். போன் செத்துப்போகிற நாளும் வரும்.

கேள்வியை அப்படியே போலிஷில் சொன்னேன்.

“இல்லை” என்றாள் ஆன்யா. “ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் வெதுவெதுப்பு என்று இருந்தது. அப்பா இரண்டு முறை படித்தார்.”

அதை இங்கிலீஷில் டாக்டரிடம் சொன்னேன். இரண்டு முறை படித்தார் என்பதையும் விடாமல் சொன்னேன். பிறகு என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தேன். “அந்தத் தாளை எழுதினது நான். இங்கிலீஷில் ஆபத்து என்று இருந்தது. நான் வெதுவெதுப்பு என்று மாற்றினேன். வேர்வை நின்றால் உயிருக்கு ஆபத்து என்று ஒரு வரி இருந்தது. அதை எடுத்துவிட்டேன்.” அதையே போலிஷிலும் ஆன்யாவிடம் சொன்னேன்.

டாக்டரம்மா பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

“ஏன்?” என்றாள் ஆன்யா.

“நீங்கள் பயந்துவிடுவீர்கள் என்று.”

“பயப்பட விட்டிருக்க வேண்டியதுதானே! பயந்திருந்தால் அப்பா ஹோட்டலிலேயே உட்கார்ந்திருப்பார்.” பிறகு கதவைக் காட்டினாள்.

வெளியே நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்தேன். ரஹ்மத் பாய் டிபன் கேரியரில் கஞ்சியோடு வந்தார். ஜெகன் முன்னாலேயே அவரிடம் எல்லாம் சொல்லியிருந்தான்.

“நீ ஏம்மா தலையில போட்டுக்கிட்ட? நான் சொல்லித்தானே கொறைச்சு எழுதுன” என்றார்.

“பாய், நீங்க வாயால சொன்னீங்க. கையால எழுதினது நான்.”

“ரெண்டு பேரும் சேந்து செஞ்சதும்மா. அந்தத் தாளை இன்னையோட கிழிச்சுப் போடுறேன். இனிமே ஏப்ரல்ல நடையே கெடையாது.” கஞ்சியை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார். மொழி தெரியாமல், ஆன்யா முன்னால் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் அப்படியே நின்றார்.

நாலு மணிக்கு டாக்டரம்மா திரும்பவும் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஆன்யா வெளியே வந்தாள். என் பக்கத்தில் உட்காரவில்லை, எதிரே நின்றாள்.

“வாருங்கள். அவர் சொல்வது எனக்குப் புரியவில்லை” என்றாள். “ஆனால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சாகப் போகிறார் என்று சொன்னால் சாகப் போகிறார் என்று சொல்ல வேண்டும்.”

“சொல்கிறேன்.”

சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்றார் டாக்டர். இரண்டு நாள் பார்க்க வேண்டும், தேறாவிட்டால் கடல் தாண்டி மெயின்லேண்டுக்கு விமானத்தில் கொண்டுபோக வேண்டியிருக்கும், அதுவரை தாங்குவாரா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். ஒவ்வொரு வாக்கியத்தையும் அதே எடையில் அவள் கையில் வைத்தேன். சிறுநீரகம் என்பதற்கு எனக்குப் போலிஷ் வார்த்தை தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொல்லி, என் இடுப்பில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அவள் தலையசைத்தாள். அன்று மாலையும் மறுநாளும் டாக்டர் வாய் திறந்தபோதெல்லாம் இப்படியே நடந்தது. கெட்ட செய்தியைக் குறைக்காமல் சொல்வது பழக்கமில்லாத தசையை அசைப்பது மாதிரி வலித்தது.

ஒன்றைக் கவனித்தேன். நான் சொல்லச் சொல்ல அவளுக்குப் பயம் கூடவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று தெளிவு வந்தது. தம்பிக்குத் தகவல் சொல்ல என் போனை வாங்கிக்கொண்டாள். விமானத்துக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று டாக்டரிடம் கேட்கச் சொன்னாள். அப்பாவிடம் உட்கார்ந்து நிறையப் பேசினாள். நான் வார்த்தையைக் குறைத்திருந்தால் இதெல்லாம் செய்யாமல், நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஹென்ரிக் பிழைத்துக்கொண்டார். அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், உங்களைக் கவலையில் உட்கார வைக்க எனக்கு மனசில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, சக்கர நாற்காலியில் போய் விமானம் ஏறினார். ஆனால் நான் சொல்ல வந்தது மூன்றாம் நாள் காலையைப் பற்றி.

டாக்டரம்மா எட்டு மணிக்கு வந்து, தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஸ்லைட்லி பெட்டர். கொஞ்சம், ரொம்பக் கொஞ்சம்” என்றார். அதோடு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஆன்யா இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. தலைமுடி ஒட்டிப்போய், கண் உள்ளே போய், என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குள் எல்லாம் பொங்கி வந்தது. ‘தேறிவிட்டார், இனிமேல் பயமில்லை’ என்று சொன்னால் என்ன? கெட்டதைக் குறைத்தால்தானே தப்பு, நல்லதைக் கூட்டினால் யாருக்கு என்ன நஷ்டம்? பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“ஒத்ரொபினே லெபியெய்” என்றேன். துளியூண்டு தேவலை.

“ஒத்ரொபினே?” என்று கேட்டாள். “எவ்வளவு?”

கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வைத்து, நடுவில் ஓர் அரிசி நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டுக் காட்டினேன். அவள் கிட்டே வந்து குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தாள். பிறகு தன் விரலை நுழைத்து, என் கட்டை விரலைக் கொஞ்சம் கீழே தள்ளி, அதை அகலமாக்கப் பார்த்தாள். நான் விடவில்லை. திரும்பவும் தள்ளினாள். நான் விரலை விறைப்பாக வைத்துக்கொண்டு, இல்லை, இவ்வளவுதான் சொன்னார், இவ்வளவேதான் என்று தலையாட்டினேன்.

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே அழுதுகொண்டு, என் தோளில் தலையைச் சாய்த்து, நின்ற வாக்கிலேயே கண்ணை மூடினாள்.